மொளகுக் குழியில கெடைச்ச காசும் என் முடிச்சுக் கயிறும்

தெரியாதாம் ரிஸ்னா. மியூசியத்துல மூணு பாஷையில எழுதி, கண்ணாடி போட்டு, மேல லைட்டும் போட்டு வச்சிருக்காங்க. ‘ரோமாபுரிக் காசுகள் இருபத்தேழு. கிடைத்த இடம் தெரியாது.’ நீ அந்தச் சாக்கைத் தள்ளிட்டு இப்படி உக்காரு புள்ள, நின்னுக்கிட்டே கேட்டா இந்தக் கதை ஏறாது. மொளகு பாட்டுக்குக் காயட்டும். வானம் மூடிக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா இந்த மழை உக்குவளைக்கு வராது, மாத்தளைப் பக்கம் போயிரும்.

நேத்து காலையிலயே சேலை கட்டிக்கிட்டு பஸ் ஏறுனேன்ல, கல்யாண வீடா மாமின்னு வேலிக்கு அங்கிட்டு இருந்து கேட்டியே. கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல. அந்தப் போர்டோட சண்டை போடத்தான் போனேன். தெரியாதுன்னு எழுதுறவன் ஒருத்தன்கிட்டயாவது கேட்டானா? நான் உயிரோட இருக்கேன். காசை எடுத்த கருணாவதி உயிரோட இருக்கா. அந்தக் குழியில வச்ச மொளகுக் கொடிகூட இன்னும் காய்க்குது. மூணு பேரும் இருக்கோம், தெரியாதாம்.

நான் மண் சலிக்கிற வேலை செஞ்சவன்னு ஒனக்குத் தெரியும். தம்புள்ளைக்கு அங்கிட்டு, காட்டுக்குள்ள பழைய கட்டடம் தோண்டுனாங்க. இருபத்தெட்டு வருஷம் அங்க சல்லடை புடிச்சேன். தோண்டுறவன் மண்ணை வாளியில குடுப்பான், நாங்க நாலு பொம்பளைங்க அதைச் சலிச்சு ஓடு, மணி, எலும்பு, காசுன்னு பிரிக்கணும். திங்கக்கிழமை பஸ் ஏறுனா சனிக்கிழமைதான் வீடு. எங்க வீட்டுக்காரரு அந்த ஆறு நாளும் சோறு ஆக்கிப் பழகிட்டாரு, நான் வேலைய விட்டு வந்த பொறகு என் சோறு அவருக்குப் புடிக்கல. அது வேற கதை.

வேலைக்குச் சேந்த ரெண்டாவது வாரம் என் சல்லடையில முதல் காசு வந்திச்சி. துவரம் பருப்பை விடக் கொஞ்சம் பெருசு, பச்சையா, பாசி புடிச்ச கல்லு மாதிரி. எனக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி கேம்புல புளியும் சாம்பலும் போட்டு, வெளக்குத் தேய்க்கிற மாதிரி தேய் தேய்னு தேச்சேன். காலையில தங்கம் மாதிரி மின்னிக்கிட்டு இருக்கு. கொண்டு போயி பெரிய மாத்தயா கையில குடுத்தேன்.

பெரிய மாத்தயாதான் அங்க எல்லாருக்கும் மேல. சிங்கள ஆளு. ஒல்லியா, ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பாரு. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. கோவம் வந்தா சத்தம் கொறையும். ரொம்பக் கோவம் வந்தா நாம கிட்டப் போயி காதைக் குடுக்கணும். அன்னைக்கு நான் ரொம்பக் கிட்டப் போக வேண்டி வந்திச்சி.

“ராசம்மா, இதுல ஒரு ராசா இருந்தாரு. நீ அவரைத் தேச்சுக் கழுவி அனுப்பிட்ட.”

அவ்வளவுதான் சொன்னாரு. அந்த மொகம் போன காசை ஒரு நெருப்புப் பெட்டியில போட்டு என் சல்லடைக்குப் பக்கத்துலயே வச்சாரு. கேம்பு முழுக்க எனக்குப் ‘புளிக்கார ராசம்மா’ன்னு பேரு வந்திரிச்சி. புதுசா வேலைக்கு வர்றவனுக்கு எடத்தைக் காட்டுறதுக்கு முந்தி என் கதையச் சொல்லுவானுங்க. இந்தப் பேரை ஞாபகம் வச்சிக்க புள்ள, பின்னால இதுதான் என் கழுத்துக்கு வந்திச்சி.

அப்புறம் கத்துக்கிட்டேன். காசு வந்தா தண்ணி படக்கூடாது. நெழல்ல காய வைக்கணும். ஈர்க்குச்சியச் சீவி, அந்த முனையால மண்ணை மட்டும் ஒவ்வொரு துணுக்கா எடுக்கணும், பச்சையத் தொடக்கூடாது. ராசா தலைய நேரா புடிச்சிக்கிட்டு அப்படியே சுத்தித் திருப்பணும். பின்னால இருக்கிற ஆளு நேரா நிக்கிறானா, தலைகீழா நிக்கிறானான்னு பாக்கணும். மாத்தயா அதை மணிக் கணக்குல கேப்பாரு. “எத்தனை மணி ராசம்மா?” நேரா நின்னா பன்னண்டு, தலைகீழா நின்னா ஆறு. எனக்கு மணிக்கூடு பாக்க அங்கதான் வந்திச்சி. பொறகு நிறுக்கணும், அகலம் அளக்கணும், பென்சில்ல படம் போடணும். கடைசியா உறை. உறை மேல எந்தக் குழி, எத்தனை அடி, மேல இருந்து எத்தனையாவது மண் படை, யாரு எடுத்தது. இந்த நாலும் இல்லாட்டி அது காசே இல்ல, பொத்தான்னு சொல்லுவாரு.

அதுல ஒரு வேடிக்கை கேளு. சில காசுல ராசாவச் சுத்தி எழுத்து இருக்கும். சில காசுல எழுத்து மாதிரி இருக்கும், ஆனா எழுத்து இல்ல, சும்மா கோடு கோடா. இது கடல் தாண்டி வந்தது இல்ல, இங்கன உள்ள ஆளு அதைப் பாத்துப் பாத்து அடிச்சதுன்னு மாத்தயா சொன்னாரு. அவனுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாதாம், கண்ணால பாத்ததை அப்படியே வெட்டி வச்சிட்டானாம். எனக்கு அவனை ரொம்பப் புடிச்சுப் போச்சி. எந்த ராத்திரியில எழுப்பிக் கேட்டாலும் நம்ம ஆளு காசை நான் தனியா எடுத்து வச்சிருவேன். படிச்ச பசங்க எழுத்தை வாசிக்கப் பாத்து முழிப்பாங்க. எனக்கு எல்லாக் காசும் கோடுதான், அதனால நெசக் கோடு எது, பொய்க் கோடு எதுன்னு எனக்குப் பட்டுன்னு தெரியும்.

வாசிக்கத் தெரியாததுல ஒரே ஒரு கஷ்டம் அந்த உறைதான். பத்துப் பை வரிசையா கெடந்தா எது எந்தக் குழின்னு நான் யாரையாவது கேக்கணும். அதுக்கு நான் ஒரு வழி பண்ணேன். ஒவ்வொரு பைக்கும் நைலோன் கயிறு ஒண்ணு. பெரிய முடிச்சு எத்தனை இருக்கோ அத்தனையாவது குழி. ஒரு விரக்கடை விட்டு சின்ன முடிச்சு, அது எத்தனையாவது மண் படை. மத்தப் பொம்பளைங்க சிரிச்சாளுங்க. மாத்தயா ஒரு நாள் ஒரு பையத் தூக்கி, உறையப் பாக்காம முடிச்சை எண்ணிட்டு, உறையோட ஒப்பிட்டுப் பாத்தாரு. “ஹரி,” அப்படின்னாரு. சரின்னு. அதுக்குப் பொறகு ஒருத்தியும் சிரிக்கல.

இப்ப கருணாவதிக்கு வாறேன்.

கருணாவதி பல்லேபொலப் பக்கத்துக்காரி, சிங்களப் பொம்பளை, என்னை விட ரெண்டு வயசு எளையவ. புருஷன் எறந்து போன பொறகு வீட்டுத் தோட்டத்தை அவளே பாத்துக்கிட்டா. ஒரு நாள் மொளகுக் கொடி வைக்க முருக்க மரத்தடியில குழி வெட்டியிருக்கா. முழங்கை ஆழத்துல மம்மட்டி ஒரு சின்னச் சட்டியில பட்டு ஒடைஞ்சிரிச்சி. உள்ள பச்சைப் பச்சையாக் காசு. கண்ணுல பட்ட பத்தொம்பதைப் பொறுக்கிட்டு, மண்ணைத் திருப்பித் தள்ளி, கொடிய வச்சிட்டா. எடுத்ததை அரசாங்கத்துக்குக் குடுக்கணும்னு யாரும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல, அவளா நெனைச்சா. ஆனா பெரிய ஆளுங்க கையில அழுக்குச் சாமானை எப்படிக் குடுக்கிறது? பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்குப் பூத்தட்டு கொண்டு போறவ, தட்டைத் தேய்க்காம கொண்டு போவாளா? கொறக்காப் புளியில ஊற வச்சு, தேங்காத் தும்பால தேச்சு, பளபளன்னு ஆக்கி, வெத்தலையில மடிச்சு கிராமசேவகர்கிட்ட குடுத்தா. அவரு எங்க கேம்புக்குக் கொண்டாந்தாரு.

அந்த நேரம் பாத்து கொழும்புல இருந்து ஒரு பெரிய படிச்ச மனுஷன் வந்து கேம்புல தங்கியிருந்தாரு. வெள்ளைக் கால்சட்டை, கண்ணாடி, பேச்சு முழுக்க இங்கிலீஷ். வேலை வாங்குறதுக்கு மட்டும் சிங்களம். காசை ஒவ்வொண்ணாப் பாத்தாரு. குதிரையில இருந்து விழுறவனை ஒருத்தன் ஈட்டியால குத்துற காசு ஒண்ணு மட்டும் கொஞ்சம் தெரிஞ்சிச்சி, மிச்சம் எல்லாம் வழுக்கை. பாத்துட்டு சொன்னாரு, இது அந்த ஊருக் காசு இல்லையாம். கப்பல்ல வந்த காசுக்கு பல்லேபொலையில ஒரு மொளகுக் குழியில என்ன வேலையாம். இது நம்ம குழியில இருந்துதான் போயிருக்குன்னு சொன்னாரு. இங்க சலிக்கிற யாரோ எடுத்து, அடையாளம் தெரியாம இருக்கத் தேச்சு, அந்தப் பொம்பளைகிட்ட குடுத்திருக்காங்கன்னு.

சொல்லிட்டு ஒரு கேள்வி கேட்டாரு பாரு.

“இங்க புளி போட்டுக் காசு தேய்க்கிறது யாரு?”

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பிச்சி. திரும்பாம எப்படி இருக்கும், வருஷக் கணக்கா சிரிச்ச கதை. அன்னைக்கு ஒருத்தரும் சிரிக்கல.

என் பையத் தொறந்து கொட்டுனாங்க ரிஸ்னா. என் சீப்பு, என் வெத்தலை, என் மாத்துச் சீலை, எல்லாம் அந்த மேசையில. பதினஞ்சு ஆம்பளைங்க நிக்கிறாங்க. இன்னைக்கு நெனைச்சாலும் எனக்கு இங்க எரியுது. பல்லேபொலையிலயும் அப்படித்தான். பொலிஸ் ஜீப்பு கருணாவதி வீட்டு வாசல்ல நின்னிச்சி. அரிசிப் பானைக்குள்ள கைய விட்டுப் பாத்திருக்கானுங்க. அன்னைக்கு வச்ச பேருதான், ‘ஹொர காசி கெதர.’ திருட்டுக் காசு வீடு. தானா கொண்டு போயிக் குடுத்தவளுக்கு அந்தப் பேரு.

பெரிய மாத்தயா அன்னைக்கு வாயே தொறக்கல. நான் அவரையும் மனசுக்குள்ள திட்டுனேன், பொய் சொல்லல. இத்தனை வருஷம் என் கையப் பாத்தவரு, ஒரு வார்த்தை சொல்லலியேன்னு. விடியக்காலையில வந்து என் பக்கத்துல நின்னாரு. காதைக் குடுத்தாத்தான் கேக்கும்.

“சல்லடைய எடு ராசம்மா. அந்தக் குழியைப் போயிக் கேப்போம்.”

ஜீப்புல போனோம். மாத்தயா, நான், தோண்டுற ஆளு ஒருத்தன். பின்னாடி வேற வண்டியில கொழும்புக்காரரு, திருட்டைக் கையோட புடிக்க. போனா, கருணாவதி கதவைத் தொறக்க மாட்டேங்கிறா. மாத்தயா வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, படியில உக்காந்து, தேத்தண்ணி கெடைக்குமான்னு கேட்டாரு. தேத்தண்ணி கேட்டு வந்தவனுக்கு இல்லைன்னு சொல்ல அவளுக்கு வராது. கதவு தொறந்திச்சி.

மொதல்ல கயிறு புடிச்சு எடத்தை அளந்தாரு. வீட்டு மூலையில இருந்து எத்தனை அடி, கெணத்துல இருந்து எத்தனை அடி. அப்புறம் அந்த மொளகுக் கொடியக் கெளப்பணும். கருணாவதி நிக்கிறா, கண்ணுல தண்ணி. “கொடி செத்துப் போகும் மாத்தயா,” அப்படின்னா. அவரு தானே மண்டியிட்டு, வேரோட மண்ணோட தூக்கி, ஈரச் சாக்குல சுத்தி என் கையில குடுத்தாரு. மூணு நாளும் அதுக்குத் தண்ணி ஊத்துறது என் வேலை.

குழியில கெடந்த மண்ணு, வெளிய எறைஞ்ச மண்ணு, எல்லாத்தையும் சலிச்சேன். மொத நாள் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது நாள் சட்டி ஓட்டுத் துண்டு நாலு, காசு ரெண்டு. தேய்க்காத பச்சைக் காசு. கொழும்புக்காரரு பலா மரத்தடியில நாக்காலி போட்டு, பேப்பர் வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. கொண்டு போயிக் காட்டுனா நிமுந்தும் பாக்கல. “சல்லடைக்காரி கையில ரெண்டு காசு இருக்கிறது பெரிய அதிசயமா?” அப்படிங்கிறாரு. நான் போட்டேன்னு சொல்றாரு புள்ள, என் மூஞ்சிக்கு நேரா. நான் அப்பவே சல்லடையால ஒண்ணு போட்டிருப்பேன். மாத்தயா என் பக்கம் திரும்பிப் பாத்தாரு, நான் சல்லடையக் கீழ வச்சிட்டேன்.

அப்புறம் மாத்தயா மண்ணு சலிச்சது போதும்னாரு. குழியோட பக்கச் சுவரைச் சீவச் சொன்னாரு. மம்மட்டி படாத மண்ணு அது. கரண்டி வச்சு நூல் நூலா நான் சீவுறேன், அவரு பக்கத்துல மண்டி போட்டுப் பாக்குறாரு. மூணாவது நாள் மத்தியானம், கரண்டி முனையில ஒரு சத்தம். சத்தம்னு சொல்ல ஏலாது, பல்லுல கல்லு கடிச்ச மாதிரி. கையால தடவுனேன். வளைவா இருக்கு. சட்டியோட அடி. ஒடையாம, சுவருக்குள்ள அப்படியே குந்திக்கிட்டு இருக்கு. அது மேல மண்ணு கல்லு மாதிரி எறுகிப் போயி, அந்த எறுகல்ல பச்சையா ஆறு காசு ஒட்டிக்கிட்டு. மேல உள்ள காசுல ஈட்டிக்காரன். குத்துறான்.

கைய எடுத்துட்டு நகந்தேன். மாத்தயா பாத்தாரு, ரொம்ப நேரம். அப்புறம் எந்திரிச்சு, பலா மரத்தடிக்குப் போயி, ரொம்ப மரியாதையா சொன்னாரு.

“ஐயா, கொஞ்சம் எறங்கிப் பாருங்க.”

“இங்க கொண்டு வாங்க.”

“கொண்டு வர ஏலாதுங்க ஐயா. அது இருக்கிற எடத்துல இருக்கு.”

எறங்குனாரு. அந்த வெள்ளைக் கால்சட்டையோட முட்டி ரெண்டும் ஈர மண்ணுல. கொனிஞ்சு பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சிட்டுத் திருப்பிப் பாத்தாரு. தொட்டுப் பாத்தாரு. எறுகுன மண்ணு, நேத்து வச்ச மண்ணு இல்ல, அவருக்கும் தெரியும், படிச்ச மனுஷன். “ம்,” அப்படின்னாரு. அவ்வளவுதான். எந்திரிச்சு, வண்டியில ஏறி, போயிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. கருணாவதிகிட்ட ஒரு வார்த்தை இல்ல. அரிசிப் பானையில கைய விட்டவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டானா? ஊருக்குள்ள வந்து இந்தப் பொம்பளை நல்லவன்னு சொன்னானா? ஜீப்பு வந்ததை ஊரே பாத்திச்சி. ‘ம்’னு சொன்னதை நாங்க நாலு பேருதான் கேட்டோம்.

அன்னைக்குச் சாயந்தரம் மாத்தயா கருணாவதி வீட்டுப் படியிலயே உக்காந்து எழுதுனாரு. இருபத்தேழு காசு. பத்தொம்பது தேச்சது, எட்டு தேய்க்காதது. அதுல மூணு நம்ம ஊரு ஆளு அடிச்சது, கோடு போட்ட காசு. ஒவ்வொண்ணுக்கும் மணி, நிறை, அகலம். ஊருப் பேரு. யாரு எடுத்ததுங்கிற எடத்துல ‘கருணாவதி, தன் வீட்டுத் தோட்டத்தில்’னு எழுதி, அதை அவளுக்கு வாசிச்சும் காட்டுனாரு. கப்பல்காரன் இந்தப் பக்கம் மொளகுக்கும் வந்திருப்பான், ஒன் குழிக்கு அது பொருத்தம்தான்னு சொன்னாரு. அன்னைக்குத்தான் அவ மொதல் தடவை சிரிச்சா.

எனக்குக் கயிறு கட்டணும். ஆனா அது எங்க குழி இல்ல, அதுக்கு நம்பர் இல்ல. எத்தனை முடிச்சு போடுறது? நான் கருணாவதிகிட்ட, ஒன் துணியில ஒரு துண்டு குடுன்னு கேட்டேன். அவ கட்டியிருந்த சீத்தைத் துணி, நீலத்துல மஞ்சள் மாங்கா போட்டது, ஓரத்துல இருந்து ஒரு விரல் அகலத்துக்குக் கிழிச்சுக் குடுத்தா. அதைக் கயித்துல வச்சு முடிச்சுப் போட்டேன். மூணாவது மண் படை, அதுக்கு மூணு சின்ன முடிச்சு. மாத்தயா பாத்துட்டு, அவரு எழுதுன உறையோட சேத்து அதையும் காசு வச்ச டின்னுக்குள்ள வச்சு மூடுனாரு.

மொளகுக் கொடிய அதே குழியில திருப்பி வச்சோம். அது புடிச்சிக்கிச்சி. ஊருதான் மாறல. கருணாவதி மகளுக்குப் பேசி வந்த கல்யாணம் ரெண்டு அந்தக் காசுக் கதையால நின்னு போச்சி. மூணாவதாத்தான் அமைஞ்சிச்சி. மாத்தயா பென்ஷன் போயி, எறந்தும் போயிட்டாரு. ஆபீஸ் மூணு எடம் மாறிச்சி. ஏதோ ஒரு கட்டடத்துல கூரை ஒழுகி, அவரு எழுதுன கொப்பி எல்லாம் களியாப் போச்சாம். உறையும் போச்சாம்.

போன மாசம் புதுசா அந்தக் கண்ணாடி மண்டபம் தொறந்தாங்க. கருணாவதி மருமக பன்சலைப் புள்ளைங்களோட போயி, போர்டைப் போன்ல படம் எடுத்துட்டு வந்து மாமியாருக்கு வாசிச்சிருக்கா. கருணாவதி எனக்குப் போன் அடிச்சா. அவளுக்கு ஒரு கண்ணு மூடிக்கிச்சி, மத்ததும் மங்கல்.

“ராசம்மா, தெரியாதுன்னு எழுதியிருக்காங்க. எடம் தெரியாதுன்னா திருடுனதுன்னுதானே அர்த்தம்? நான் செத்தாலும் அந்த வீடு திருட்டுக் காசு வீடுதான்.”

நேத்து ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல சந்திச்சோம். நான் அவ கையப் புடிச்சிருக்கேன், அவ என் பையப் புடிச்சிருக்கா. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நல்ல கண்ணும் ஒண்ணரை முட்டியும்தான் இருக்கும்.

மியூசியத்துல ஒரு சின்ன மிஸ். நிலந்தின்னு பேரு. கையில கையொறை, முன்னால கம்பியூட்டர். நல்ல புள்ளதான், ஆனா பேச்சைப் பாரு. “ஆதாரம் வேணும் அம்மா. பேப்பர் ஏதாவது இருக்கா?” நான் சொன்னேன், பேப்பரை நனைய விட்டது நீங்க, என்கிட்ட கேக்குறீங்க. அந்தப் புள்ள முகம் செவந்து போச்சி. கூட இருந்த பையன் கேக்குறான், நீங்க என்ன படிச்சிருக்கீங்கன்னு. தம்பி, நான் ஒண்ணும் படிக்கல, நாங்க இன்னும் அந்தக் கண்ணாடிப் பக்கமே போகல, நான் சொல்றேன், நீ எழுதுன்னேன்.

எழுதுனாங்க. பத்தொம்பது தேச்சது, எட்டு தேய்க்காதது. எட்டுல ஆறு சட்டி அடியோட மண்ணுல ஒட்டினபடி. தேச்சதுலயும் ஒண்ணுல ஈட்டிக்காரன் பாதி தெரிவான், குதிரைக்காரனுக்குத் தலை இருக்காது. தேய்க்காததுல தனியா இருக்கிற ரெண்டுல ஒண்ணு நம்ம ஊரு ஆளு அடிச்சது, பின்பக்கத்து ஆளு ஆறு மணியில தலைகீழா நிப்பான். அப்புறம் ஒரு கயிறு, மூணு சின்ன முடிச்சு, ஒரு துணி.

மிஸ் போயி கண்ணாடியத் தொறந்து காசை எல்லாம் மேசைக்குக் கொண்டாந்துச்சி. எண்ணுச்சி. ஒரு காசைத் திருப்பிப் பாத்திச்சி, திருப்பித் திருப்பிப் பாத்திச்சி. ஆறு மணி. அந்தப் பையனோட பேனா நின்னு போச்சி.

“கயிறு எங்கம்மா?” அப்படின்னேன். காசு முந்தி இருந்த டின்னைத் தொறந்து காட்டுனாங்க, அதுல கயிறு இல்ல.

மிஸ் அந்தப் பையனைப் பாக்குது. அவன் மேசைக்கு அடியில ஒரு அட்டைப் பொட்டியில கைய விடுறான். குப்பைன்னு நெனைச்சுத் தனியா எடுத்துப் போட்டானாம். அடுத்த நாள் எரிக்கிறதாம். எரிக்கிறதாம் ரிஸ்னா. ஊருப் பேரு, மண் படை, எடுத்தவ பேரு, எல்லாம் அதுலதான் இருக்கு, எரிக்கப் போறாங்க. நான் அங்க என்ன சொன்னேன்னு ஒனக்குச் சொல்ல மாட்டேன், நீ அஸருக்குத் தொழப் போறவ, காது கெட்டுப் போகும்.

எடுத்தான். நீலம் வெளுத்திருக்கு, மஞ்சள் மாங்கா அப்படியே இருக்கு. கருணாவதி தன் பைக்குள்ள கைய விட்டு ஒரு தலகாணி ஒறைய எடுத்தா. அந்தச் சீத்தையக் கட்டிக் கட்டி நைஞ்ச பொறகு தலகாணி ஒறை தைச்சு வச்சிருந்திருக்கா. மேசையில விரிச்சு, கையால தடவிப் பாத்து ஓரத்தைக் கண்டு புடிச்சா. ஒரு விரல் அகலத்துக்குத் துணி கொறையிற எடம். மிஸ் துணித்துண்டை அங்க வச்சிச்சி. அந்தப் பக்கம் பாதி மாங்கா, இந்தப் பக்கம் பாதி மாங்கா. சேந்துக்கிச்சி.

அந்தப் புள்ள கையொறையக் கழட்டி வச்சிட்டு, கருணாவதிக்கு நாக்காலி இழுத்துப் போட்டுச்சி. அப்புறம் கம்பியூட்டர்ல அடிச்சிச்சி. முடிச்சிட்டு ஒரு தாளும் மைப் பெட்டியும் கொண்டாந்து, “நீங்க சாட்சி, இதுல கைநாட்டு வைங்கம்மா,” அப்படின்னு என்கிட்ட சொல்லிச்சி. நான் சொன்னேன், நான் அன்னைக்கே வச்சிட்டேன், அந்தா கயித்துல இருக்கு பாருன்னு. அப்புறம் பாவமாப் போச்சி, கைநாட்டும் வச்சேன்.

புது போர்டு செஞ்சு வர நாளாகுமாம். நாளாகட்டும், நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்னு சொல்லி உக்காந்துட்டோம். மிஸ்ஸுக்குச் சிரிப்பு. ஒரு வெள்ளைத் தாளுல கையால எழுதி, டேப் வச்சு ‘தெரியாது’ங்கிற எடத்து மேல ஒட்டுச்சி. மூணு பாஷையிலயும். கருணாவதி, வாசிச்சுக் காட்டுன்னா. மிஸ் வாசிச்சிச்சி. ஊருப் பேரு, அவ பேரு, தன் வீட்டுத் தோட்டத்தில். திருப்பி வாசிக்கச் சொன்னா. அப்புறம் தன் மருமகளுக்குப் போன் போட்டு, மிஸ்ஸ போன்ல வாசிக்கச் சொன்னா. ஸ்பீக்கர்ல போடுடி, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்னு சொல்றா.

எல்லாம் முடிஞ்சு, காசும் திருப்பிக் கண்ணாடிக்குள்ள போன பொறகு, கெளம்புறப்போ கருணாவதி கண்ணாடியில மூக்கை ஒட்டி வச்சிக்கிட்டு நிக்கிறா. அந்த மங்கல் கண்ணுக்கு எட்டுப் பச்சைக் காசு தெரியல. லைட்டுல மின்னுற பத்தொம்பதுதான் தெரியுது. “எப்படி வெளக்கியிருக்கேன் பாத்தியா ராசம்மா,” அப்படிங்கிறா. மிஸ் வாயப் பொத்திக்கிட்டுத் திரும்பிக்கிச்சி. நானும் சொல்லல, அதுல பத்தொம்பது ராசா போயிட்டாங்கன்னு. என்னத்துக்கு? நானும் ஒருத்தரை அனுப்புனவதானே. திரும்பி வர்ற பஸ்ஸுல அவ…

ஐயோ, துளி விழுது. பாத்தியா, மாத்தளைக்குப் போகும்னு சொன்னேன், இங்க வந்து நிக்குது. எந்திரி புள்ள, பாயை அந்தப் பக்கம் தூக்கு, மொளகு ஓரத்துல சிந்தாம. கிணத்தடிக் கொடி மொளகு ஒரு சாக்கு, வேலியோரக் கொடி மொளகு ஒரு சாக்கு, கலந்திராத. அப்படித்தான், வாயை இறுக்கிப் புடி. கயித்தை என்கிட்ட குடு. நீ கட்டாத ரிஸ்னா, நான் கட்டுறேன். நீ முடிச்சுப் போட்டா எது எந்தக் கொடின்னு பொறகு எனக்கு வெளங்காது.